‘தனியாப் பேசறான்’ என்பதற்கு முன்னால் வீட்டில் என்ன தெரியும்? மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயைப் பார்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்

மனநல சமூகப் பணியாளர்:
வீட்டார் முதலில் சொல்வது, யாரும் பேசாமலே அவனுக்குக் கேட்கும் குரலைப் பற்றித்தான். தோண்டிக் கேட்டால் ஒரு வருஷத்துக் கதை வரும்: குளியல் நின்றது, கல்லூரி நின்றது, தட்டில் போட்டால் சாப்பிடுவான், போடாவிட்டால் கேட்கமாட்டான். சோம்பேறி என்று திட்டியே அந்த வருஷம் போயிருக்கும். மாத்திரை குரலை அடக்கும். இந்த முடக்கத்தை அவ்வளவாக அசைக்காது.

குரல் பலருக்கு வெளியிலிருந்து வருவதுபோலவே கேட்கும். இரண்டு பேர் அவனைப் பற்றியே பேசிக்கொள்வார்கள்: “பாரு, இப்ப சட்டை போடறான்.” அப்படி யாரும் இல்லை என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் தலையாட்டாதீர்கள். “எனக்குக் கேக்கல. உனக்குப் பயமா இருக்கும்னு புரியுது” போதும். அடுத்து, “ஏதாவது செய்யச் சொல்லுதா?” என்று கேட்டே ஆகவேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னால் அன்றைக்கே மருத்துவமனை.

மனநல மருத்துவர்:
எப்போது தொடங்கியது என்ற தேதி முக்கியம். ‘தீபாவளிக்கு முன்னாடி’ என்றாலும் போதும். மனநோய்களுக்குப் பெயர் வைக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-5 கணக்கில், தொடங்கி 6 மாதம் நீடித்தால்தான் மனச்சிதைவு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11இல் 1 மாதம் போதும். இரண்டு டாக்டர் சீட்டில் இரண்டு பெயர் இருக்க இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், கை நடுங்குகிறது, எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்றால் அது மனச்சிதைவு அல்ல. உயிருக்கே ஆபத்து; பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத்தான் போகவேண்டும், கோயிலுக்கு அல்ல.

வார்டு செவிலியர்:
மாத்திரை தொடங்கியபின் நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரலை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் என்ற மருந்தைப் போட்ட முதல் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளலாம், கண் மேலே செருகலாம். பேயும் இல்லை, வலிப்பும் இல்லை, மருந்தின் பக்கவிளைவு. உடனே கூட்டிவந்தால் ப்ரோமெத்தசின் ஊசியில் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும்.

ஏமாற்றுவது இன்னொரு பக்கவிளைவு, கால் பரபரப்பு. உட்காரமாட்டார், நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருப்பார். நோய் முற்றிவிட்டதென்று டோஸைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். “மனசு படபடக்குதா, இல்ல கால்தான் நிக்க விடலையா?” என்று கேளுங்கள். கால் என்றால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் அந்தப் பதிலை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.