பழைய ரிக், லேப்டாப் சவுண்டு கார்டு, எஃப்டி8: கேட்கிறது, ஆனால் டிரான்ஸ்மிட் செய்தால் சிக்னல் இரண்டாகத் தெரிகிறதாம்

தண்டையார்பேட்டை டைபோல்:

எல்லோருக்கும் வணக்கம். ஹாம் ரேடியோ உரிமம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு தண்டையார்பேட்டையில். மொட்டை மாடியில் 20 மீட்டர் அலைவரிசைக்கு ஒரு எண்ட்-ஃபெட் கம்பி (ஒரு முனையில் இணைப்புக் கொடுக்கும் ஆன்டெனா) கட்டியிருக்கிறேன் (பெயரில்தான் டைபோல், அதாவது நடுவில் இணைப்புக் கொடுக்கும் இரு கை ஆன்டெனா, அதற்கு மாடியில் இடம் இல்லை). ரிக் (ரேடியோ செட்) ஒரு பெரியவரிடம் வாங்கிய பழைய 100 வாட் செட், உள்ளேயே சவுண்டு கார்டு வைத்து வருகிற இப்போதைய ரகம் இல்லை. ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து ஒரு ஒயர் லேப்டாப்புக்கு, லேப்டாப்பிலிருந்து ஒரு ஒயர் ரிக்கின் மைக் சாக்கெட்டுக்கு, பிடிடிக்கு (டிரான்ஸ்மிட் செய்யச் சொல்லும் சுவிட்ச்) வாக்ஸ், அதாவது சத்தம் வந்தாலே ரிக் தானாக டிரான்ஸ்மிட்டுக்கு மாறும் வசதி. அவ்வளவுதான் என் இன்டர்ஃபேஸ்.

எஃப்டி8க்கு (கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை) உரிய 14.074 மெகாஹெர்ட்ஸில் கேட்பதில் குறையே இல்லை. சாயங்காலம் ஐரோப்பா வரிசையாக டெகோட் ஆகிறது. நான் சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) கொடுத்தால் மட்டும் பதில் அபூர்வம். பெரம்பூரில் இருக்கும் நண்பர் தன் வாட்டர்ஃபாலை (வரும் சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரை) படம் பிடித்து அனுப்பினார். நான் 700 ஹெர்ட்ஸில் கூப்பிட்டால் 1400இலும் மெலிதாக 2100இலும் நான் தெரிகிறேன். அது போதாதென்று என் கோட்டுக்கு இரு பக்கமும் 50 ஹெர்ட்ஸ் இடைவெளியில் சின்னச் சின்னக் கோடுகள். இன்னொன்று, 20 வாட்டுக்கு மேல் ஏற்றினால் யூஎஸ்பி மவுஸ் செத்துவிடுகிறது, டிரான்ஸ்மிட் நின்றதும் உயிர் வருகிறது.

ரெடிமேட் இன்டர்ஃபேஸ் வாங்கினால்தான் சரியாகுமா, அல்லது கையில் இருப்பதை வைத்தே ஒப்பேற்றலாமா?

காயலான் கடை சாலிடர்:

தம்பி, பர்ஸை உள்ளே வையுங்கள். நீங்கள் சொன்னது மூன்று தனித்தனிக் கோளாறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதை வாங்கி மாட்டினாலும் பாதிதான் தீரும்.

முதலில் 700, 1400, 2100. இது ஆடியோ ஹார்மோனிக். லேப்டாப் ஹெட்போன் வெளியீடு முழு வால்யூமில் ஒரு வோல்ட் அளவுக்குத் தள்ளும், ரிக்கின் மைக் உள்ளீடு எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் புதிய டோன்கள் பிறக்கின்றன. 700க்கு அவை எல்லாம் ரிக்கின் சைட்பேண்ட் ஃபில்டருக்குள்ளேயே விழுவதால் அப்படியே ஆன்டெனாவுக்குப் போய்விடுகின்றன. உங்கள் பவரும் மூன்று இடத்தில் பங்காகிறது, அந்த இடத்தில் பேசிக்கொண்டிருப்பவனுக்கும் தொல்லை.

இதற்கு மருந்து இரண்டு ரெசிஸ்டர். லேப்டாப்பிலிருந்து வரும் ஒயரில் 10 கிலோ ஓம் தொடராக, ரிக் பக்கத்தில் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 100 ஓம். நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்புறம் விண்டோஸ் வால்யூமை நடுவில் வைத்து, எஃப்டி8 நிரலின் வலது ஓரத்தில் இருக்கும் பவர் ஸ்லைடரால் நுணுக்கமாகச் சரிசெய்யலாம். டியூன் பொத்தானை அழுத்தி, டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை), ஏஎல்சி (டிரான்ஸ்மிட் அளவைத் தானாகக் கட்டுப்படுத்தும் சுற்று) முள் அசையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். மைக் சாக்கெட்டில் எலெக்ட்ரெட் மைக்குக்கான டிசி வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள், வந்தால் ஒரு கெபாசிட்டரைத் தொடராகப் போட்டுத் தடுத்துவிடுங்கள்.

அடுத்தது அந்த 50 ஹெர்ட்ஸ் கோடுகள். அது கிரவுண்ட் லூப். லேப்டாப் சார்ஜர் ஒரு வழியில் எர்த், ரிக் பவர் சப்ளை இன்னொரு வழியில் எர்த், நடுவில் உங்கள் ஆடியோ ஒயரின் ஷீல்டு இரண்டையும் இணைக்கிறது. சோதனை சுலபம்: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கோடுகள் மறைந்தால் குற்றவாளி அதுதான். நிரந்தரத் தீர்வு, போகிற வழிக்கு ஒன்றும் வருகிற வழிக்கு ஒன்றுமாக 600:600 ஓம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். புதிதாகத் தேடி அலைய வேண்டாம், அந்தக் காலத்து டயல்-அப் மோடம் கார்டு பலவற்றில் ஒன்று உட்கார்ந்திருக்கும். பழைய கம்ப்யூட்டரை உடைக்கிற எந்தக் காயலான் கடையிலும் கேளுங்கள், எடைக்குப் போட்டுக் கொடுப்பார்கள். என் பெயர்க் காரணம் புரிந்திருக்கும்.

மூன்றாவது மவுஸ் விஷயம். அதை எண்ணூர்க்காரர் வந்து சொல்லட்டும், அவர் அதில் கரை கண்டவர்.

எண்ணூர் இரைச்சல்:

கூப்பிட்டீர்களே, வந்தேன்.

முதலில் சாலிடர் அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். ஏஎல்சி துளிகூட அசையக் கூடாது என்பது பிஎஸ்கே31 என்ற தட்டச்சு அரட்டை முறைக்குப் பொருந்தும், அதில் அலையின் உயரம் ஏறி இறங்கும், அமுக்கினால் பக்கவாட்டில் வழியும். எஃப்டி8 அப்படியில்லை. எட்டு டோன், ஒரு நேரத்தில் ஒன்றுதான், உயரம் மாறாது. ஏஎல்சி கொஞ்சம் அசைந்ததாலேயே அது கெட்டுவிடாது. கெடுப்பது ஏஎல்சிக்கு முன்னால், சவுண்டு கார்டிலோ மைக் ஆம்பிளிஃபையரிலோ நடக்கும் வெட்டு. அதனால் முள்ளை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். முள் அசையாமலே அழுக்கான சிக்னல் போகலாம்.

இதற்கு ஒரு பைசா செலவில்லாத தந்திரம் இருக்கிறது. 1500 ஹெர்ட்ஸுக்கு மேலேயே டிரான்ஸ்மிட் செய்யுங்கள். 1700க்கு இரண்டு மடங்கு 3400, உங்கள் ரிக்கின் ஃபில்டர் அதை வெளியே விடாது. கேட் கேபிள் (கணினியே ரிக்கின் டயலை மாற்ற உதவும் ஒயர்) இருந்தால் அமைப்புகளில் ஸ்பிளிட் என்ற இடத்தில் ஃபேக் இட் என்று தேர்ந்தெடுத்தால் நிரலே இதைப் பார்த்துக்கொள்ளும். கேபிள் இல்லையென்றால் டயலை 14.073க்கு இறக்குங்கள், 700இல் தெரிந்தவன் 1700க்கு வந்துவிடுவான்.

இப்போது மவுஸ். எண்ட்-ஃபெட் கம்பிக்கு எதிர்முனை சரியாக இல்லையென்றால் கோஆக்ஸின் (ரிக்கிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்) வெளிப்பின்னலே ஆன்டெனாவின் மீதிப் பாதியாகிவிடும். அந்த ஆர்எஃப் (ரேடியோ அலை மின்சாரம்) நேராக உங்கள் மேஜைக்கு இறங்கி யூஎஸ்பி ஒயருக்குள் நுழைகிறது. இரண்டு மீட்டர் அளவுக்கு ஒரு கவுன்டர்பாய்ஸ் ஒயர் (ஆன்டெனாவுக்கு அந்த எதிர்முனையாக நிற்கும் கம்பி) விடுங்கள், கோஆக்ஸை ஒரு ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள், யூஎஸ்பி, ஆடியோ ஒயர்களுக்கு கிளிப் ஃபெரைட் போடுங்கள். முடிந்தால் யோசித்துப் பாருங்கள், 20 மீட்டர் டைபோல் மொத்தமே பத்து மீட்டர்தான், தலைகீழ் வி வடிவில் தொங்கவிட்டால் எங்கள் ஊர் மாடிகளில்கூட நிற்கிறது. எங்கள் பக்கம் உயரழுத்தக் கம்பிகளின் கரகரப்புக்கு நடுவிலேயே எஃப்டி8 ஓடுகிறதென்றால் உங்களுக்கு என்ன குறை. இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே இருக்கும் சிக்னலையும் அது தோண்டி எடுத்துவிடும்.

இன்னொன்று, பவர். 15 நொடியில் 12.64 நொடி முழு பவரில் நிற்கிறது, பேச்சு மாதிரி மூச்சு விடாது. பழைய 100 வாட் செட்டை 30, 40க்கு மேல் ஓட்டாதீர்கள், சென்னை மே மாதத்தில் ஃபைனல்கள் (கடைசிக் கட்டப் பவர் டிரான்சிஸ்டர்கள்) பாவம்.

தண்டையார்பேட்டை டைபோல்:

அண்ணன்மாரே, கோடி நன்றி. சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன், 50 ஹெர்ட்ஸ் கோடுகள் போய்விட்டன என்று பெரம்பூர் நண்பர் சொல்கிறார். டயலை இறக்கியதில் 1400 பிரச்சினையும் ஒழிந்தது. ரெசிஸ்டர் நாளைக்கு.

இரண்டு சின்னச் சந்தேகம். லேப்டாப்பில் ஆடியோவுக்கு ஒரே ஒரு ஓட்டைதான், ஹெட்போன், மைக் இரண்டும் அதிலேயே. பிளக்கைச் செருகினால் சில நேரம் மைக்கே இல்லை என்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் இது சரியாகுமா? அப்புறம் வாக்ஸ் போதுமா?

பெரம்பூர் பிஎஸ்கே:

அந்த நண்பர் நான்தான், இங்கேயும் வந்துவிட்டேன்.

டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் அது இன்னும் மோசமாகும் தம்பி. நாலு வளைய பிளக்கில் மைக் இருக்கிறதா என்பதை லேப்டாப் டிசி மின்தடையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் டிசி மின்தடை குறைவு, அதை ஷார்ட் என்று நினைத்து வெறும் ஹெட்போன் என்று எழுதிவிடும். ஒரு கெபாசிட்டரும் இரண்டு கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரும் வைத்து ஏமாற்றலாம்தான், ஆனால் எதற்கு அந்த வேலை? தனித்தனி ஓட்டை உள்ள சின்ன யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கத்திலேயே. அங்கேயே ரெசிஸ்டர், பிசி817 ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் சின்ன சிப்), யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் எல்லாம் ஒரே நடையில் முடியும்.

தனி சவுண்டு கார்டின் பெரிய லாபம் வேறு. விண்டோஸ் தன் சத்தங்களையெல்லாம் லேப்டாப் ஸ்பீக்கருக்கே அனுப்பும், ரிக்குக்குப் போவது எஃப்டி8 மட்டும். இப்போது உங்கள் ஏற்பாட்டில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று வந்தால் வாக்ஸ் திறந்து அந்த டிங் சத்தம் ஐரோப்பா வரைக்கும் போகும். அதனால்தான் ஆப்டோகப்ளர் சொன்னேன். அடாப்டரின் ஆர்டிஎஸ் கால் (நிரல் ஆன், ஆஃப் செய்யக்கூடிய கட்டுப்பாட்டு முனை) ஒரு ரெசிஸ்டர் வழியாக ஆப்டோவின் எல்இடிக்கு, மறுபக்கம் ரிக்கின் பிடிடி. மின்சாரத் தொடர்பே இல்லாமல் டிரான்ஸ்மிட்டை இயக்கும். கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது ஆர்டிஎஸ் ஒரு முறை துள்ளக்கூடும், ஆகவே ரிக்கைக் கடைசியில் ஆன் செய்யுங்கள்.

புது கார்டு போட்டதும் மைக் பூஸ்ட், ஆட்டோ கெயின், என்ஹான்ஸ்மென்ட் என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிட்டு, ரிக்கின் வால்யூமை ஏற்றி இறக்கி, சிக்னல் இல்லாத நேரத்தில் நிரலின் அளவுகோல் 30 டெசிபல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். கடிகாரமும் முக்கியம். நிரலில் டிடி (நேர வித்தியாசம், நொடியில்) என்ற பத்தியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி 1.2, 1.3 என்று வந்தால் உலகம் முழுக்கத் தாமதமில்லை, உங்கள் லேப்டாப் கடிகாரம்தான் தவறு.

கடைசியாக ஒரு ஆசை. இந்த வேலையெல்லாம் முடிந்ததும் 14.070 பக்கம் எட்டிப் பாருங்கள். 1998இல் பீட்டர் மார்ட்டினெஸ் கொண்டுவந்த பிஎஸ்கே31 அங்கே இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. எஃப்டி8இல் பெயர்கூடக் கேட்க முடியாது, சுதந்திரமாக எழுத 13 எழுத்துதான். இதில் தட்டத் தட்ட எதிராளி படிக்கிறார். சின்ன எழுத்தில் தட்டுங்கள், வேரிகோடில் (பிஎஸ்கே31 எழுத்துகளுக்குத் தரும் குறியீடு) ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு நீளம் அதிகம், வேகம் குறையும். அதே கார்டு, அதே ஒயர், எஃப்எல்டிஜி என்ற இலவச நிரல் ஒன்றுதான் கூடுதல்.

காயலான் கடை சாலிடர்:

பிஎஸ்கே விளம்பரம் இல்லாமல் இவர் எங்கேயும் எழுத மாட்டார். ஆனால் யூஎஸ்பி கார்டு விஷயத்தில் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன்.

தம்பி, பிளக் வாங்கும்போது கொஞ்சம் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். நம் பக்கத்துக் கடற்காற்றில் மலிவு 3.5 மி.மீ. பிளக் சீக்கிரமே பச்சை பூத்துவிடும், அப்புறம் லெவல் தானாக ஏறி இறங்குகிறது என்று இங்கே வந்து புதுக் கேள்வி போடுவீர்கள். மோடம் கார்டு கிடைக்கவில்லையென்றால் சொல்லுங்கள், என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.