ஹாலிஃபாக்ஸ் மாப்பிள்ளையின் கில்ட்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

ஹாலிஃபாக்ஸ் அக்கா: [படம்] அனைவருக்கும் வணக்கம். இன்று ஏப்ரல் 6, கனடாவில் நாங்கள் வாழும் நோவா ஸ்கோஷியாவில் டார்டன் நாள். டார்டன் என்பது ஸ்காட்லாந்துக்காரர்களின் வண்ணக் கட்டம் போட்ட கம்பளித் துணி. என் கணவர் தம் தாத்தாவின் கில்ட்டை, அதாவது டார்டன் துணியில் மடிப்பு வைத்து ஆண்கள் இடுப்பில் உடுத்தும் ஸ்காட்லாந்து உடையை, உடுத்திக்கொண்டு வீட்டிலிருந்து புறப்பட்டபோது எடுத்த படம் இது.

மதுரைப் பெரியப்பா: மாப்பிள்ளை கம்பீரமாக இருக்கிறார், மகளே. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும்கூடக் கனடாவிலேயே பிறந்தவர்கள் என்று சொல்லியிருக்கிறாய். கடல் கடந்து இத்தனை தலைமுறைகள் ஆன பிறகும் இவ்வளவு சிரத்தையோடு இந்த உடையை உடுத்துவதற்கு என்ன காரணம்?

ஹாலிஃபாக்ஸ் அக்கா: பெரியப்பா, இந்த உடையைச் சொந்த மண்ணிலேயே உடுத்த முடியாத காலம் ஒன்று இருந்தது. 1746 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் கலோடன் போர்க்களத்தில், பிரிட்டிஷ் அரியணையை மீட்க முயன்ற ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகப் போரிட்ட படை தோற்றது. அதில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குலங்களைச் சேர்ந்தவர்கள். அக்குலங்களின் கட்டுக்கோப்பைக் குலைப்பதற்காக லண்டன் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், ஸ்காட்லாந்தில் ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடையை உடுத்தக் கூடாது என்று தடுத்தது. 1747 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து, ஒருமுறை பிடிபட்டவருக்கு ஆறு மாதச் சிறை. மீண்டும் பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். அரசரின் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. 1782-இல்தான் அத்தடை நீங்கியது.

ஹாலிஃபாக்ஸ் அக்கா: இதில் என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி வேறு. ஹெக்டர் என்ற பழைய கப்பல் ஏறத்தாழ 190 மலைநாட்டவரோடு 1773 செப்டம்பரில் இங்குள்ள பிக்டூ துறைமுகத்தை வந்தடைந்தது. அம்மையிலும் வயிற்றுக்கடுப்பிலும் குழந்தைகள் பலர் வழியிலேயே இறந்துபோனார்கள். அப்படி வந்தவர்களில் இளைஞர்கள் தங்கள் மலைநாட்டு உடையை உடுத்திக்கொண்டு, பேக்பைப் என்ற துருத்திக் குழல் இசை முழங்கக் கரையிறங்கினார்கள் என்று பிக்டூவில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அன்று ஸ்காட்லாந்தில் தடை நீங்கவில்லை. அந்தச் சட்டமோ ஸ்காட்லாந்துக்கு மட்டுமே உரியது. ஊரில் குற்றமாக இருந்த உடையை வந்த நாட்டில் அச்சமின்றி உடுத்த முடிந்தது. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்த உடை எதற்கு என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது.

நியூயார்க் தம்பி: அக்கா, இங்கே ஆறாவது அவென்யூவில் ஏப்ரல்தோறும் நடக்கும் டார்டன் ஊர்வலத்தை நானும் பார்த்திருக்கிறேன். 1320 ஏப்ரல் 6 என்று தேதியிட்டு, ஸ்காட்லாந்தின் விடுதலையை வலியுறுத்தி அந்நாட்டுப் பிரபுக்கள் போப்பாண்டவருக்கு எழுதிய ஆர்ப்ரோத் பிரகடனத்தின் நினைவாகவே டார்டன் நாளுக்கு அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு டார்டன் என்ற வழக்கம் மிகப் பழமையானது அன்று என்றும், 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்புக்குப் பிறகே அது பரவியது என்றும் படித்தேன். அப்படியானால் அவர்கள் போற்றும் மரபு எது?

ஹாலிஃபாக்ஸ் அக்கா: நீ படித்தது பெரும்பாலும் சரிதான், தம்பி. குலத்துக்கொரு கட்டம் என்ற ஒழுங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது; அவரும் அதை மறுப்பதில்லை. ஆனால் டார்டன் துணியும், இடுப்பில் வரிந்து உடுத்தும் முறையும் அதற்கு மிகவும் முந்தியவை. அவற்றை ஒழிக்கச் சட்டமே இயற்றினார்கள் என்பதும் உண்மை. எந்தக் கட்டம் எந்தக் குலத்துக்கு உரியது என்ற வழக்கு பிற்காலத்தது என்பதால், அதை உடுத்துகிறவர் தம் முன்னோர்மீது வைத்திருக்கும் அன்பு பொய்யாகிவிடாது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

திருச்சிச் சித்தி: துணி கனமாகத் தெரிகிறதே, எத்தனை கெஜம் பிடிக்கும்? மடிப்புகளைக் கையாலேயே தைக்கிறார்களா?

ஹாலிஃபாக்ஸ் அக்கா: முழுக் கில்ட்டுக்கு எட்டுக் கெஜம் கம்பளித் துணி பிடிக்கும், சித்தி. நல்ல கில்ட்டுகளைக் கையால்தான் தைக்கிறார்கள். மடித்த பிறகும் பின்புறத்தில் கட்டங்கள் தொடர்ச்சியாகத் தெரியுமாறு ஒவ்வொரு மடிப்பையும் அளந்து வைக்கிறார்கள். மடிப்புகள் பின்னால்தான் வர வேண்டும். விளிம்பு முழங்காலின் நடுவில் நிற்க வேண்டும். முன்னால் தொங்கும் தோல் பைக்கு ஸ்போரன் என்று பெயர். இந்த ஒழுங்குகளில் ஒன்றையும் அவர் தளர்த்துவதில்லை. வேடிக்கை உடையாக இதை யாராவது அரைகுறையாகச் சுற்றிக்கொண்டு வந்தால் அவர் மனம் வருந்துகிறார்.

மதுரைப் பெரியப்பா: பேத்தியும் இதை உடுத்தலாமா? அவள் பாதி நம் வீட்டுப் பிள்ளையாயிற்றே.

ஹாலிஃபாக்ஸ் அக்கா: தாராளமாக உடுத்தலாம், பெரியப்பா. தந்தையின் குல டார்டன் அவளுக்கும் உரியதே. அதோடு நோவா ஸ்கோஷியாவுக்கென்றே ஒரு டார்டன் உண்டு. 1953-இல் பெஸ்ஸி மரே என்ற நெசவுக் கலைஞர், ஒரு கண்காட்சிக்காக அமைத்த காட்சியில் ஆட்டிடையனுக்குக் கில்ட் உடுத்த விரும்பினார். எந்தக் குலத்துக்கும் சாராமல் இருக்க, கடலின் நீலமும் காட்டின் பச்சையும் மேலோங்கிய புதிய கட்டத்தை உருவாக்கினார். அதை இங்கு வாழும் எவரும் உடுத்தலாம். இரண்டில் எது வேண்டும் என்று அவளிடமே கேட்டிருக்கிறோம்.

திருச்சிச் சித்தி: அவள் தேர்ந்தெடுத்ததும் மறக்காமல் படம் அனுப்பு. வளரும் பிள்ளை என்பதால், இடுப்பில் கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொல்.