குளிர்ந்த இன்ஜினை ஓட்டுவதற்கு முன் எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்?

கேள்வி
வணக்கம். இரவு முழுவதும் குளிரில் நின்ற பெட்ரோல் காரைக் காலையில் உடனே நகர்த்தக் கூடாது, வெப்பமானியின் முள் நடுவுக்கு வரும்வரை ஐடிலில் (நின்ற இடத்திலேயே, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். காரின் கையேடோ அப்படி நிறுத்திவைக்க வேண்டாம் என்கிறது. இன்ஜின் தேயக் கூடாது என்பதே என் கவலை. எதைப் பின்பற்றுவது?

பதில் 1
கையேட்டையே பின்பற்றுங்கள். பெரியவர்கள் சொல்வது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பழைய கருவியான கார்புரேட்டர் காலத்துக்குப் பொருந்தும். அந்த வண்டிகள், கலவையில் பெட்ரோலின் அளவைக் கூட்டும் சோக்கை இழுத்துச் சற்று ஓடவிடாமல் கிளம்பினால் திணறி நின்றுவிடும். இப்போதைய, பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் சென்சார்கள் குளிர்ச்சியை அறிந்து, தேவைப்படும் கூடுதல் பெட்ரோலைத் தாமே கொடுக்கச் செய்கின்றன. ஆயில் பிரஷர் விளக்கு சில நொடிகளில் அணைந்துவிடும். அதன்பின் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்துவிட்டு, நிதானமாகக் கிளம்பலாம்.

நீண்ட நேரம் ஐடிலில் விடுவதில்தான் கேடு இருக்கிறது. சுமை இல்லாத இன்ஜின் மெதுவாகவே சூடேறும். அதுவரை கூடுதலாகப் பீய்ச்சப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்குள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. இப்படியே பழகிய வண்டியில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாடை அடிப்பதுண்டு. தேய்மானத்துக்கு அஞ்சிச் செய்யும் காரியமே தேய்மானத்தைக் கூட்டுகிறது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பதில் 2
மேலே சொன்னது சரி. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: அந்த முள் காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை, ஆயிலின் சூட்டை அன்று. கூலன்ட் 90 டிகிரி செல்சியஸை நெருங்கிய பிறகும் ஆயில் முழுச் சூட்டுக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஆகவே முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று உடனே ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், மேலும் சில கிலோமீட்டர் வரை 2,500 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) ஓட்டுவது நல்லது. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) உள்ள இன்ஜினுக்கு இது இன்னும் அவசியம். கியர்பாக்ஸ் ஆயிலும் வீல் பேரிங்குகளும் டயர்களும் வண்டி உருண்டால்தான் சூடேறும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தால் என்ன செய்வது? டீசல் காருக்கும் இதே முறைதானா?

பதில் 3
உறைபனி படிந்திருந்தால், பார்வை தெளியும்வரை கிளம்பவே கூடாது. அங்கே இன்ஜினைவிட உயிர் பெரிது. பனியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடிக்குச் சூடான காற்றைச் செலுத்தும் டிஃப்ராஸ்டர் வேலை செய்யும் அளவுக்கு மட்டும் ஓடவிடுங்கள். டீசலில் சாவியைத் திருப்பியதும் எரியும் க்ளோ பிளக் (சிலிண்டரின் உட்புறத்தை முன்கூட்டிச் சூடாக்கும் பாகம்) விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். மற்றபடி முறை ஒன்றுதான். மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும் இடங்களில், மின்சாரத்தால் இன்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரை முன்கூட்டியே போட்டு வைப்பதே சிறந்த வழி. எந்தக் குளிரானாலும் மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது.