படம் போடும்போது வந்து நின்று பார்த்தவர்கள்

முதுநகர்வாசி:

வெளியில் உட்கார்ந்து படம் போடுகிறவர்களுக்கு விமர்சகர்கள் கூலி இல்லாமல் கிடைப்பார்கள். அதிலும் கடலூர் துறைமுகத்தில் கேட்கவே வேண்டாம். நான் வார நாளில் கணக்கு எழுதுகிற ஆள், ஓவியக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. ஞாயிறு காலையில் உப்பனாற்றுக் கரையில் மடக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். எதிர்க்கரையில் சிங்காரத்தோப்பு.

ஒரு நாள் ஃபைபர் படகு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். முன்பக்கம் நன்றாக அமைந்துவிட்டது. பின்பக்கத்து இன்ஜினை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அந்த வளைவு எதிலும் முட்டாமல் அப்படியே தண்ணீரில் இறங்கினால் அழகாக இருக்கும் என்று எண்ணம். தோளில் வலையோடு போனவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"ஏன் சார், மிஷினைக் கழட்டிட்டீங்க?"

"படத்துக்கு அது வேண்டாம்ணே."

"படத்துக்கு வேணாம், சரி. போட்டுக்கு வேணுமில்ல? அதுக்குத்தான் இன்னும் கடன் கட்டிக்கிட்டிருக்கேன்."

அவருடைய படகாம் அது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் படம் அதற்கு மேல் நகரவில்லை. பின்பக்கம் இன்னும் பென்சில் கோட்டிலேயே நிற்கிறது. இன்ஜினைச் சேர்க்கவும் மனசு வரவில்லை, இல்லாமல் முடிக்கவும் மனசு வரவில்லை.

இதற்கு வேர் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. தாத்தா வீட்டில் பழைய விகடன் பக்கங்களைப் பிரித்துத் தைத்து பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். ஓவியர் சில்பியின் கோயில் படங்களை அதில்தான் பார்த்தேன். கோயில் கோயிலாகப் போய், நேரில் உட்கார்ந்து வரைந்தவர். தூணில் ஒரு பூ இருந்தால் படத்திலும் அந்தப் பூ இருக்கும். பிற்பாடு ஓவியர் ஆதிமூலம் வந்தார். 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் போட்ட காந்தி கோட்டோவியங்களை ஒரு நண்பன் காட்டினான். சிலவற்றில் கோடுகளே கொஞ்சம்தான், மீதிக் காந்தியை நாமே போட்டுக்கொள்கிறோம். எதையும் விடாத ஒருவர், விட்டே வரைந்த ஒருவர். இரண்டு பேரையும் குருவாக வைத்துக்கொண்டால் படம் எங்கே முடியும்? கேட்பவர்களிடம் நேரமில்லை என்று சொல்லிச் சமாளிக்கிறேன். எதை விடுவது என்று தெரியாததுதான் நிஜக் காரணம்.

சாமான் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் மஞ்சள். முதல் இரண்டையும் கலந்தால் நம் ஊர்க் காலை வானத்துச் சாம்பல் நிறம் வந்துவிடும், கறுப்பு டியூபே வேண்டாம். தொல்லை கொடுப்பது காற்றுதான். விடியற்காலையில் ஈரம். வானத்துக்குப் பூசியது காயவே காயாது. அவசரப்பட்டு மேலே அடுத்த பூச்சைப் போட்டால் ஓரமெல்லாம் பூப்பூத்த மாதிரி விரிந்துவிடும். வெயில் ஏறிவிட்டாலோ நேர்மாறு. பிரஷ் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் பாதி காய்ந்து கோடு விழுந்திருக்கும். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில்தான் வேலை. அதற்குள் படகை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள், அது வேறு கதை.

நோணாங்குப்பம் அக்கா:

எனக்கு வாய்த்தது வேறு மாதிரி. நான் வரைகிறவள் இல்லை. ஸ்கூட்டிக்கு நம்பர் எழுதக் கொடுக்கப் போன இடத்தில் பார்த்தது.

முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு பெரியவர். ஒரு காலத்தில் கட்சிச் சுவர், சினிமா பேனர், கடை போர்டு எல்லாம் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போன பிறகு நம்பர் பிளேட்டும், வண்டிக்குப் பின்னால் சாமி பெயரும்தான். கடைக்குள் சுவரில் சாய்த்து ஒரு பிளைவுட் பலகை இருந்தது. அதில் ஒரு பாட்டி முகம். "எங்கம்மா" என்றார்.

பலகையின் ஓரத்தில் சின்ன போட்டோ ஒன்றைக் குத்தி வைத்திருந்தார். ரேஷன் கார்டில் ஒட்டுகிற அளவு. அதன் மேல் மயிரிழையாகப் பென்சிலில் கட்டம். பலகையிலும் அதே கட்டம், பெரிதாக. நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு. கோடு நேராக விழுந்துவிடுகிறது. போட்டோவில் மூன்றாவது கட்டத்தில் மூக்குத்தி என்றால் பலகையிலும் மூன்றாவது கட்டத்தில் மூக்குத்தி. முகமும் கழுத்தும் முடிந்து, புடவை மட்டும் வெறும் கட்டமாக நின்றது.

கன்னத்து நிழலில் பச்சை அடித்திருந்தார். கேட்டதற்கு, "நிழலுக்குக் கறுப்பு வெச்சா முகம் அழுக்காயிடும்மா. பேனர்ல எங்க வாத்தியார் சொல்லிக் கொடுத்தது" என்றார். பெயின்ட் டப்பா தூக்கிக்கொண்டு பின்னால் திரிந்து கற்றுக்கொண்ட தொழிலாம். கிட்டே போய்ப் பார்த்தால் அந்தப் பச்சை கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. வாசல்படிக்கு வந்து திரும்பிப் பார்த்தால் பாட்டி உட்கார்ந்திருக்கிறார்.

எப்போது முடிப்பீர்கள் ஐயா என்றேன். அவர் சொன்னது இது:

"எனக்கு முடிக்கத் தெரியாதும்மா. கட்சிக்காரர் வருவார், தலைவர் மூக்கு சரியா இருக்குதும்பார், காசு குடுப்பார், ஏணிய எடுத்துடுவேன். கடைக்காரரும் அப்படித்தான். போதும்னு சொல்ல எப்பவும் ஒரு ஆள் இருந்துது. இதுக்கு யார் சொல்றது?"

ஓவியம் பற்றிப் பெரிய பேச்செல்லாம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு பட்டென்று யாரும் சொன்னதில்லை. என் நம்பர் பிளேட்டை மறுநாளே முடித்துக் கொடுத்துவிட்டார், கறாராகக் காசு வாங்கிக்கொண்டு.

வைசியாள் வீதி:

அக்கா, பெரியவர் சொன்னதை என் வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நான் போதும்னு சொன்னா மட்டும் கேக்கவா போறீங்க?" என்றாள்.

என்னிடம் முடியாமல் நிற்கும் படம் பாண்டிச்சேரிக் கடற்கரையின் பழைய துறைமுகப் பாலம். கரை முனையிலிருந்து ஆரம்பித்துக் கடல் பக்கம் போகலாம் என்றிருந்தேன். 2022 மார்ச்சில் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்துவிட்டது. போட்டோ நிறையவே இருக்கிறது, அதைப் பார்த்து முடித்துவிடலாமே என்கிறார்கள். முடியலாம். போட்டோவில் தூண் எத்தனை என்று எண்ணிக்கொள்ளலாம், ஆனால் தூணில் அலை மோதி ஏறி வழிகிற வேகம் அதில் கிடைப்பதில்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

முதுநகர் அண்ணனுக்குத் தாள் பற்றி ஒன்று. இங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடத்துத் தாளைப் போட்டுப் பாருங்கள். மரக்கூழ் இல்லை, பருத்தித் துணிக் கழிவை அரைத்த கூழ். சல்லடைச் சட்டத்தில் ஒவ்வொரு தாளாக அள்ளி எடுத்து, பிழிந்து, உலர்த்துகிறார்கள். ஓரம் பிசிறாக இருப்பது அதனால்தான். வாங்கும்போது வாட்டர்கலருக்கு என்று சொல்லிக் கேளுங்கள். பசை ஏற்றாத தாள் என்றால் பட்ட உடனே நிறத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு ஈர பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிற வேலையெல்லாம் நடக்காது. பசை ஏற்றியதில் நீர் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும், உங்கள் ஊர்க் காற்றுக்கு அது தோதுப்படும்.

இன்ஜின் விஷயத்தில் நான் படகுக்காரர் கட்சி.

முதுநகர்வாசி:

எல்லாரும் அவர் கட்சிதான், தெரிந்ததே. வீட்டிலும் அப்படித்தான் தீர்ப்பு.

அந்தத் தாள் எனக்கு இரண்டு ஷீட் வேண்டும் தம்பி. சுருட்டாமல் அட்டை வைத்துக் கொண்டுவர முடியுமா? சுருட்டினால் நிமிர்த்துவதற்குள் எனக்கு ஞாயிறு போய்விடும். அக்கா, அந்தப் பெரியவர் வருவாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கடலூர் பஸ் நிலையம்வரை வந்தால் போதும், வண்டியோடு நிற்கிறேன். என் படங்களை எடுத்து வைக்கிறேன், எதையெல்லாம் போதும் என்கிறார் பார்க்கலாம். பதிலுக்கு அவர் பலகைக்கு நான் சொல்கிறேன்.