பழைய அமெரிக்கப் பென்னிகள் எங்கே தேடுவது? மகன் புதிதாகச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறான்

எடிசன் தமிழன்:
எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறோம், மகனுக்கு ஒன்பது வயசு. கூடப் படிக்கிற பையன் 1944 பென்னி (ஒரு சென்ட் காசு) ஒன்றைக் கொண்டுவந்து காட்டினதிலிருந்து வீட்டில் இருக்கிற சில்லறை டப்பாவையெல்லாம் கவிழ்த்துப்போட்டுத் தேடுகிறான். கிடைத்ததில் பழையது 1964தான். அவனுக்குப் பின்பக்கம் கோதுமைக் கதிர் போட்ட காசு வேண்டுமாம். இணையத்தில் பார்த்தால் காசை அடுக்கிச் சுருட்டிய பழைய காகித ரோல், யாரும் பிரித்துப் பார்க்காதது என்று முப்பது நாற்பது டாலருக்கு விற்கிறார்கள், ரோலின் ஒரு முனையில் இந்தியன் ஹெட் காசு (லிங்கன் காசுக்கு முந்தைய பழைய பென்னி) எட்டிப்பார்க்கிற மாதிரி படமும் இருக்கிறது. அதை வாங்கலாமா? பென்னி அடிப்பதையே நிறுத்திவிட்டார்களே, இனிமேல் பழசு கிடைப்பது கஷ்டமாகிவிடுமா? பெரிய செலவில்லாமல், அவனே தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி வழி இருந்தால் சொல்லுங்கள்.

செப்புக்காசு:
நண்பரே, அந்த ரோலை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். காகிதச் சுருள், இரண்டு முனை மடிப்பு எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்துவிடலாம். முனையில் ஒரு தேய்ந்த இந்தியன் ஹெட்டை வைத்துவிட்டு உள்ளே 1950களின் சாதாரணக் காசாக நிரப்பி விற்பது இந்த வியாபாரத்தில் ரொம்பப் பழைய தந்திரம். உள்ளே நல்லது இருக்கலாம் என்ற ஆசையைத்தான் அங்கே காசாக்குகிறார்கள்.

கிடைக்காமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஒரு சென்ட் அடிக்க 3.69 சென்ட் ஆகிறது என்பதால் 2025 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் நிறுத்தினார்கள், சரி. ஆனால் இன்னும் சுமார் 30,000 கோடி பென்னி வெளியே இருப்பதாகக் கணக்கு. வங்கியில் 50 காசு கொண்ட ரோல் ஐம்பது சென்ட்தான், அலசிவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கட்டிவிடலாம். இப்போது சில கிளைகளில் பென்னி இல்லை என்று கையை விரிப்பார்கள், கணக்கு வைத்திருக்கிற வங்கியில் பொறுமையாகக் கேளுங்கள். வாடிக்கையாளர்கள் கையால் சுருட்டிக் கொடுத்த ரோல் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள், யாரோ தாத்தா உண்டியலில் போட்டு வைத்தது அப்படித்தான் வெளியே வரும். சூப்பர் மார்க்கெட்டில் சில்லறை எண்ணும் இயந்திரம் இருக்குமே, அது வேண்டாம் என்று தள்ளிவிடும் தட்டையும் போகிற போக்கில் பார்க்கச் சொல்லுங்கள்.

என்ன பார்க்க வேண்டும் என்றால், 1909 முதல் 1958 வரை பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர். 1959 முதல் 2008 வரை லிங்கன் நினைவு மண்டபம். 2009இல் லிங்கன் பிறந்த 200ஆம் ஆண்டுக்காக நான்கு வடிவம், 2010க்கு அப்புறம் கேடயம். பையனுக்கு இது ஒன்றே போதும், நாலு வரிசையாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்துவிடுவான். வருஷத்துக்குக் கீழே சின்னதாக டி இருந்தால் அடித்த இடம் டென்வர், எஸ் இருந்தால் சான் ஃபிரான்சிஸ்கோ, ஒன்றுமில்லை என்றால் பெரும்பாலும் ஃபிலடெல்ஃபியா. அவன் கையில் இருக்கும் 1964ஐயும் ஒதுக்க வேண்டாம், அது 95 சதவீதம் செம்பு. 1982இல்தான் துத்தநாகத்தின் மேல் செம்புப் பூச்சுக்கு மாறினார்கள், அந்த ஒரு வருஷத்தில் இரண்டு வகையும் உண்டு. பழையது 3.11 கிராம், புதியது 2.5 கிராம். தராசு இல்லாவிட்டாலும் மேசையில் போட்டுப் பார்த்தால் செம்புக் காசு கணீரென்று கேட்கும், துத்தநாகம் டொக்கென்று விழும்.

டாலஸ் அக்கா:
செப்புக்காசு சொன்னதில் வங்கி ரோல் விஷயம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நமக்குப் பொறுமை இருக்கும், ஒன்பது வயசுப் பிள்ளை ரோல் ரோலாகப் பிரித்து 1990களையே பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டாவது வாரமே விட்டுவிடுவான் தம்பி. முதலில் பக்கத்தில் இருக்கிற நாணயக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் கடையிலும் ஒரு டப்பா நிறையக் கோதுமைப் பென்னி கொட்டி வைத்திருப்பார்கள். 1940, 50களின் சாதாரணக் காசு கால் டாலருக்குள்ளேயே கிடைத்துவிடும். உட்கார்ந்து அவனே பொறுக்கட்டும். வெள்ளையாக ஒன்று கண்ணில் பட்டால் அது 1943. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருஷம் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். காந்தத்தில் ஒட்டும், பிள்ளைகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் கிடையாது.

வருஷவாரியாகக் குழி போட்ட நீல அட்டை ஆல்பம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். காலியாக இருக்கும் குழி தெரிந்தால்தான் தேடத் தோன்றும். ரோல் அலசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், எந்த வருஷம் தன்னிடம் இல்லை என்று தெரிந்தபிறகு அதுவும் சுவாரஸ்யமாக இருக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். நம் வீடுகளில் செம்பு என்றாலே புளி போட்டுத் தேய்க்கிற பழக்கம் உண்டு, ஊரிலிருந்து வந்த பாட்டி ஆசையாக ஒரு கை புளியோடு உட்கார்ந்துவிட்டால் முடிந்தது கதை. குத்துவிளக்குக்குப் புளி சரி, காசுக்குக் கூடாது. பல வருஷம் காற்றுப்பட்டுப் படிந்த அந்தப் பழுப்புதான் சேகரிப்பவர்கள் பார்ப்பது. தேய்த்துவிட்டால் பளிச்சென்று ஒரு பொய் நிறம் வரும், பழகின கண் உடனே கண்டுபிடித்துவிடும், விலையும் போய்விடும். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். மெத்தென்று இருக்கும் பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் நாளாவட்டத்தில் பச்சை பிடிக்கும், அதனால் அட்டைச் சட்டம் போட்ட உறையே நல்லது.

எடிசன் தமிழன்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன மாதிரி சனிக்கிழமை கடைக்குப் போய் வந்தோம், ஒரு பை நிறையக் கோதுமையோடுதான் எழுந்தான், மூன்று 1943 வேறு. இப்போது இன்னொரு சந்தேகம். ஞாயிறு பழைய பொருள் சந்தையில் ஒருவர் 1914 டி என்று ஒரு காசை நாற்பது டாலருக்குக் கொடுக்கிறேன் என்கிறார். அரிதானது என்று பையனும் படித்திருக்கிறான், வாங்கித் தா என்று பிடிவாதம். அவரிடமே செம்பு நிறத்தில் 1943ம் ஒன்று இருக்கிறது.

செப்புக்காசு:
1914 டி அரிதுதான், மொத்தம் 11,93,000 தான் அடித்தார்கள். தேய்ந்துபோன அசலே நூறு டாலரைத் தாண்டும், அதனால் நாற்பது என்றதுமே யோசிக்க வேண்டும். 1944 டி காசில் முதல் நாலைச் சுரண்டி ஒன்றாக்கி விற்பது நிறைய நடக்கிறது. கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. காசை வடிவமைத்தவர் விக்டர் டேவிட் பிரென்னர். 1909இல் பின்பக்கம் அடியில் அவர் முதலெழுத்துகள் வி.டி.பி என்று போட்டார்கள், பெரிதாகத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே எடுத்துவிட்டார்கள். 1918இல்தான் முன்பக்கத்தில் லிங்கனின் தோள் விளிம்பில் மிகச் சிறியதாகத் திரும்ப வந்தன. ஆக அசல் 1914 காசின் தோளில் எழுத்து இருக்கவே முடியாது, இருந்தால் அது 1944. ஆனால் எழுத்து இல்லை என்பதால் மட்டும் அசல் என்று ஆகாது, அதையும் சேர்த்துச் சுரண்டிவிடுபவர்கள் உண்டு, சாதாரண 1914 காசில் டியை ஒட்டுபவர்களும் உண்டு. ஒன்பதுக்கும் அடுத்து வரும் ஒன்றுக்கும் நடுவில் இடைவெளி அகலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், அகலமாக இருந்தால் சந்தேகம்தான்.

செம்பு 1943 இன்னும் கஷ்டம். அசல் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கிறது. காந்தம் வையுங்கள், ஒட்டினால் எஃகுக் காசின்மேல் செம்பு பூசியது. ஒட்டாவிட்டால் 1948இன் எட்டைச் சுரண்டி மூன்றாக்கியிருக்கலாம்.

டாலஸ் அக்கா:
சந்தைக்காரரிடம் 1914 டி வேண்டாம் தம்பி, பிள்ளை அழுதாலும் பரவாயில்லை. அந்தக் குழி காலியாகவே இருக்கட்டும். பெரியவனானதும் அவன் காசிலேயே, தரச் சான்றோடு மூடி முத்திரை போட்டு விற்கிறார்களே, அப்படி ஒன்றை வாங்கிக்கொள்வான். இப்போதைக்குப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள், தோளில் இருக்கும் அந்த மூன்று எழுத்தை வீட்டில் இருக்கிற 1964இலேயே முதலில் தேடிப் பழகட்டும்.