மோட்டச்சைக்கிள் பெற்றோல் தாங்கியில கோடு கீறினவை அனுபவத்தைச் சொல்லுங்கோ

உப்புவெளிக்காரன்

அப்பான்ர பழைய ஹொண்டா சிடி 125ஐத் திருப்பிச் செய்து கறுப்பு அடிச்சனான். தாங்கியில தங்க நிறத்தில மெல்லிய கோடு. ஸ்டிக்கர் இல்லை, தூரிகைக் கோடு. கீறினது நான் இல்லை, கரையில வள்ளங்களுக்குப் பேர் எழுதுற ஒரு ஐயா. முதல் தரம் பழுதாப்போச்சு. பிழை முழுக்க என்ர.

ஐயா வரேக்க வண்டி வடிவா இருக்கட்டும் எண்டு முதல் நாள் ராத்திரி தாங்கிக்குப் பொலிஷ் போட்டு மினுக்கி வச்சிட்டன். அவர் ஒரு சாண் இழுத்திருப்பார், பெயின்ற் அங்கங்க விலகி விலகி நிக்குது. மீன் கண் மாதிரிச் சின்னச் சின்ன வட்டம், நடுவில கறுப்பு தெரியுது. வாழையிலையில தண்ணி விட்டால் எப்பிடி ஓடும், அப்பிடி. ஐயா தூரிகையைத் தூக்கிப்போட்டு, "என்னத்தைப் பூசினனீ?" எண்டார். பொலிஷில இருந்த சிலிக்கோன்தான் காரணம். எனாமல் காயாததால தின்னர் தொட்ட துணியால துடைச்சு எடுத்தாச்சு. காய்ஞ்சிருந்தால் அடியில இருக்கிற கறுப்பும் சேர்ந்து போயிருக்கும்.

பிறகு ஐயா சொன்ன ஒழுங்கில செய்தன். சவுக்காரத் தண்ணியில கழுவி நல்லாக் காய விடோணும். அதுக்குப் பிறகு பெயின்ற் கடையில விக்கிற வக்ஸ் ரிமூவர். இதுக்கு ரெண்டு துணி வேணும். ஒண்டில மருந்தை நனைச்சுப் பூசி, அது காய முன்னமே மற்றக் காய்ஞ்ச துணியால துடைக்கோணும். தானாக் காய விட்டால் கரைஞ்ச கொழுப்பு அதே இடத்தில திரும்பப் படிஞ்சிடும். நான் ஒரே துணியால ரெண்டையும் செய்யப் பாத்து ஏச்சு வாங்கினன். துடைச்ச பிறகு கையே வைக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் வச்ச கை எண்டால் கிட்டயும் வர வேண்டாம்.

கோடு கீற முன்னம் தாங்கியை உரஞ்சிறதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லுவினம். மேல கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்கிறதெண்டால் சாம்பல் நிற ஸ்கொச் பிரைட்டால மெல்ல உரஞ்சலாம். கோட்டோட விடுறதெண்டால் உரஞ்சாதீங்கோ, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மங்கல் அப்பிடியே தெரியும்.

அந்தத் தூரிகையை நீங்கள் பாக்கோணும். கைப்பிடி சுண்டு விரல் நீளம்தான், மயிர் அதைவிட நீளம். அணில் மயிராம், கத்தி மாதிரிச் சரிவா வெட்டினது. பெயின்றில தோய்ச்சு உடன கீறமாட்டார். ஒரு பழைய கலண்டரின்ர வழுவழுப்பான தாளில முன்னும் பின்னும் இழுத்து இழுத்து, பெயின்ற் மயிரின்ர அடி வரைக்கும் ஒரே அளவா ஏறினாப் பிறகுதான் தாங்கிக்கு வருவார். சுண்டு விரலைத் தாங்கியில ஊண்டிக்கொண்டு, வளைவு வாற இடத்தில கையைத் திருப்பாமல் விரலுக்குள்ளயே தூரிகையை உருட்டுறார். மூச்சுச் சத்தமும் இல்லை. வேலை முடியத் தூரிகையைக் கழுவி, எண்ணெயில நனைச்சு, மயிரை நேராக்கித் தகரப் பெட்டியில படுக்க வச்சார். பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி.

கிண்ணியா நானா

நாங்க பட்டது காத்தால. ஜூலையில, கச்சான் காத்து நல்லா அடிக்கிற நேரம், முத்தத்தில வச்சுக் கோடு போட்டம். ஒரு பக்கம் முடிச்சு மற்றப் பக்கம் திரும்புறதுக்குள்ள முதல் கோட்டில மணல் ஒட்டிட்டு. தடவினா உப்புத்தாள் மாதிரி. பிறகு விடிய வெள்ளன, காத்து எழும்ப முன்னம், கராஜுக்குள்ள நிலத்துக்குத் தண்ணி தெளிச்சு தூசியை அடக்கிப்போட்டுச் செய்தம். ஃபேன் போடக் கூடாது, எவ்வளவு வேர்த்தாலும் சரி.

மாரியிலயும் ஒருக்காச் செய்து பாத்தம். தூசி இல்லைதான், ஆனா அந்த ஈரத்துக்குப் பெயின்ற் காயவே காணோம். அடுத்த நாளும் விரல் ஒட்டுது.

ரேப் ஒட்டிக் கீறுறவங்களுக்கு ஒண்டு: முழுக்கக் காயும் வரைக்கும் ரேப்பை விட்டு வைக்காதீங்க. கொஞ்சம் பச்சையா இருக்கேக்கயே, பின்பக்கமா மடிச்சு மெதுவா இழுங்க. நான் மற்ற நாள்தான் எடுத்தன். கோட்டின்ர கரை சில்லுச் சில்லா ரேப்போட வந்திட்டு.

பாலையூற்றுப் பிள்ளை

என்ர ஸ்கூட்டியில வெள்ளையில கொடியும் பூவும் போட்டு மூண்டாம் நாள், அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோவம் எண்டு நிண்டா. பூசை முடிய ஐயர் கையால முன்பக்கம் சந்தனம், குங்குமம். அம்மா தன்ர பங்குக்கு இன்னும் ரெண்டு பொட்டு, சரியாப் பூவுக்கு மேல. எனாமல் மேல காய்ஞ்ச மாதிரித் தெரிஞ்சாலும் உள்ளுக்குக் கன நாளைக்கு மெத்தெண்டுதான் இருக்குமாம். குங்குமச் சாயம் இறங்கிட்டுது. இண்டைக்கும் ஒரு இதழ் ரோசா நிறம். அம்மாட்டக் கேட்டால், "அம்மன் தந்தது, இருக்கட்டும்" எண்டுறா. பூசைக்குப் போறதெண்டால் கோடு போட முன்னம் போங்கோ, அல்லது பொட்டை நம்பர் பிளேட்டில வைக்கச் சொல்லுங்கோ.

சீனன்குடா

எனக்குப் பெற்றோல். பெற்றோல் செற்றில அடிக்கேக்க வாய் வரைக்கும் நிரப்பி, நாலு துளி வழிஞ்சுது. சட்டைக் கையால துடைச்சன். அதோட சிவப்புக் கோடு முழங்கை வரைக்கும் வந்திட்டுது. ஹார்ட்னர் (பெயின்றை இறுக்கிற மருந்து) சேராத எனாமலுக்குப் பெற்றோல் எண்டால் எமன்தான். தேய்க்காமல் உடன தண்ணியை ஊத்தியிருக்கோணும். நிரப்பினதோட வெயிலில விட்டாலும் பெற்றோல் விரிஞ்சு மூடியால கசியும், அதுவும் கோட்டுக்குத்தான் வரும். இப்ப முக்கால்வாசிக்கு மேல அடிக்கிறேல்லை.

கிளியர் அடிச்சால் இந்தப் பிரச்சினை குறையும். ஆனா ஹார்ட்னர் கலக்கிற கிளியரில ஐசோசயனேற் எண்ட, மூச்சோட உள்ளுக்குப் போகக் கூடாத இரசாயனம் இருக்கு. மூக்கில லேஞ்சி கட்டிக்கொண்டு அடிக்கிற விளையாட்டு வேண்டாம். அதுக்கெண்டு இருக்கிற மாஸ்க் போடுற ஆளிட்டக் குடுங்கோ. எனாமலுக்கு மேல ஒரேயடியாத் தடிப்பா அடிச்சால் கோடு சுருங்கவும் பாக்கும்.

உப்புவெளிக்காரன்

பராமரிப்புக் கேட்டு ரெண்டு பேர் உள்பெட்டிக்கு வந்தவை. நான் செய்தது: ஒரு கிழமை தண்ணியே காட்டேல்லை. ஒரு மாதம் வக்ஸ் பூசேல்லை. ரெயின்கோட் துணியால மூடவும் இல்லை, ஈரம் உள்ளுக்கு நிண்டு கோடு வெளிறும் எண்டு ஐயா சொன்னவர். இப்பவும் பிரஷர் வோஷ் இல்லை, அது கோட்டின்ர கரையைக் கிளப்பிப்போடும்.

கடற்கரைக்காரருக்கு உப்புத்தான் பெரிய தலையிடி. நிலாவெளிப் பக்கம் போய் வந்தால் தாங்கியில மெல்லிய வெள்ளைப் படலம் இருக்கும். அதைக் காய்ஞ்ச துணியால துடைச்சால் உப்பே உரஞ்சிற தாளாகிடும். முதல்ல தண்ணியை ஊத்தி ஓட விட்டிட்டு, பிறகு துணி.

சாம்பல்தீவு

சென்னையில என்ஃபீல்டு மோட்டச்சைக்கிள் தாங்கிகள் சிலதுக்கு இன்னும் கையாலதான் கோடு போடுகினம். அளவுகோல் இல்லை, ரேப் இல்லை. உங்கட ஐயாவுக்குச் சொன்னனீங்களோ?

உப்புவெளிக்காரன்

சொன்னன். "அவைக்குச் சம்பளம், எனக்குத் தேத்தண்ணி" எண்டார். இடப்பக்கக் கோடு ஒரு நூல் தடிப்பு எண்டும் காட்டினன். "ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில ஆரடா பாக்கப்போறான்?"

சீனன்குடா

அவரின்ர நம்பர் தாங்கோ அண்ணை.

உப்புவெளிக்காரன்

ஃபோன் இல்லைத் தம்பி. விடிய வள்ளங்கள் வாற நேரம் கரையில நில்லுங்கோ. பொலிஷ் போடாமல் வாங்கோ.