இரண்டு திசைக்குப் பிரிந்த புகை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, கடலிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே, கரும்புக்காடுகளுக்கு நடுவில் இருக்கும் டோங்காட்டில் வளர்ந்தவன் நான். அறுவடை முடியும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் விடியும் முன்பே கரும்புக்குத் தீ வைப்பார்கள். அந்த நேரத்தில் குளிர்ந்த தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய நிலக்காற்று வீசுவதால், புகை தாழ்வாகத் தவழ்ந்து கடலுக்குப் போய்விடும். வானம் தெளிந்துவிட்டது என்று துணி காயப்போடுவோம். ஆனால் பதினொரு மணிக்குமேல் குளிர்ந்த காற்று கிழக்கிலிருந்து வந்ததும் துணியெல்லாம் புகை நாற்றம் அடிக்கும். "கொண்டல் வருவதற்குள் துணியை எடுத்துவிடு" என்று பாட்டி தினமும் சொல்வார்; கிழக்கிலிருந்து வரும் காற்றுக்குத்தான் கொண்டல் என்று பெயர். கடலுக்குப் போன புகையே திரும்பி வருகிறது என்பது அன்று எனக்குத் தெரியாது.

பல ஆண்டுகள் கழித்து, லா மெர்சி கடற்கரைக்கு மேலுள்ள மேட்டில் ஒரு நண்பகலில் நின்றபோதுதான் அதன் காரணத்தைக் கண்ணால் கண்டேன். தாமதமாக மூட்டிய ஒரு தீயின் புகை, தரையை ஒட்டிய பகுதியில் மேற்கே, நிலத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. சில நூறு மீட்டர் உயரத்துக்குமேல் அதே புகை வளைந்து கடலை நோக்கித் திரும்பிப் போயிற்று.

வெயிலில் நிலம் சூடேறும் வேகத்தில் கடல் சூடேறுவதில்லை. நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து எழும்போது, அடியில் கடலின் குளிர்ந்த காற்று ஆப்புப்போல உள்ளே நுழைகிறது. எழுந்த காற்று மேலே கடல் பக்கம் திரும்பி, அங்கே இறங்கி, மறுபடி கரைக்கு வருகிறது. அந்த ஆப்பின் முனையில் காற்று மேலெழும் இடத்தில்தான் உள்நாட்டுக் குன்றுகளின்மேல் பிற்பகலில் பஞ்சுமேகங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கடற்காற்றின் அடுக்கோ குளிர்ந்தும் கனத்தும் இருப்பதாலும், அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்திருப்பதாலும், அதற்குள் அகப்பட்ட புகை எளிதில் உயரே கலைந்து போவதில்லை. கடற்காற்று வந்தால் ஊர் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் இன்றும் வலுவாக இருக்கிறது. தீ மூட்டுகிற நாட்களில் அது சரியல்ல என்பதை மூச்சுத்திணறல் உள்ள குழந்தைகளின் தாய்மார்களிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிற்பகல் நான்கு மணி அளவில் எங்கள் காற்று கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாறுவதையும் கவனித்திருக்கிறேன். பூமியின் சுழற்சி தென் அரைக்கோளத்தில் காற்றை இடப்பக்கம் திருப்புகிறது, வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் திருப்புகிறது. அதனால் எங்கள் ஊர்க் கொண்டல் மாலையில் வாடையின், அதாவது வடக்குக் காற்றின், பக்கம் சாய்கிறது; பாட்டியின் முன்னோர் கப்பலேறிய சென்னையில் அதே கொண்டல் தென்றலின், அதாவது தெற்குக் காற்றின், பக்கம் சாய்கிறது.